பெண் குட்டிக்கு என்ன பெயர்?

நீலாய் தோட்டத்துச் சகோதரி ஒருவர், "டாஷ்ஹண்ட் பெண் குட்டி வந்திருக்கிறது. ஒய்யாரமாக ஒரு பெயர் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, இது ஜெர்மானிய வேட்டை நாய். வளைக்குள் நுழைந்து வேட்டையாடவே குட்டைக் கால், நீண்ட உடல். 1972 மியூனிக் ஒலிம்பிக் சின்னமான 'வால்டி'யும் இந்த இனம்தான்.

கூப்பிடச் சிறிய பெயரே நல்லது. 'லட்சுமி' வேண்டாம், லயத்தில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்! நீண்ட உடலுக்கு 'வீணை' பொருந்தும்.

முதுகெலும்பு சுலபமாகப் பாதிக்கப்படும். உயரத்திலிருந்து குதிக்க விடாதீர்கள். பெட்டைக் குட்டி என்றாலே ரோட்டோரம் விட்டுவிடுகிறவர்களும் உண்டு. பெயர் வைத்துவிட்டீர்கள், இனி அதுவும் உங்கள் வீட்டுப் பிள்ளை. கடைசிவரை காப்பாற்றுங்கள்.