எவர்சில்வர் தூக்குக்குப் போன லேஸ்

பழைய துணிக்குப் பாத்திரம் போடுபவர் தெருவில் குரல் கொடுத்தாலே நம்மில் பலருக்குக் கை சும்மா இருக்காது. போன கிறிஸ்துமஸுக்கு முன் பீரோவை ஒழித்தபோது, மறைந்த என் மாமியாரின் பழைய மூட்டை ஒன்றை அப்படியே தூக்கிக் கொடுத்து, ஒரு எவர்சில்வர் தூக்கு வாங்கினேன். நல்ல பேரம் என்று பெருமை வேறு!

பண்டிகைக்கு வந்த சின்ன மாமியார், "அம்மா பின்னின லேஸ் வெச்ச ஞானஸ்நானச் சட்டை அதிலதானே இருந்துச்சு?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கடை லேஸ்னு நினைச்சுட்டேன் அத்தை" என்றேன். அவர் திட்டவில்லை. மிச்சமிருந்த தலையணை உறையையும் ஒரு பூதக்கண்ணாடியையும் எடுத்து வரச் சொன்னார்.

குரோஷா என்றால் ஒரே நூல், ஒரே கொக்கி ஊசி. வளையத்துக்குள் வளையமாகச் சங்கிலி தெரியும். திண்டில் ஊசி குத்தி, மரக் குச்சிகளில் நூல் சுற்றிப் பின்னும் லேஸில் வளையமே இராது. பல நூல்கள் மேலும் கீழுமாகப் போய், அடர்த்தியான இடம் சின்னஞ்சிறு நெசவு போல இருக்கும். கையால் பின்னியதில் ஒரு பூவைப் போல இன்னொரு பூ அச்சாக இராது. மெஷின் லேஸில் தப்பு இருந்தால்கூட, அதே தப்பு சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும்! பூ ஓரத்தில் வெட்டிய நூல் பிசிறுகளும் தெரியும். முனைகளையும் பாருங்கள். கை லேஸ் பெரும்பாலும் முனையிலேயே வளைத்துப் பின்னப்பட்டிருக்கும். கடை லேஸைச் சுருக்கியோ வெட்டியோ தைத்திருப்பார்கள்.

எங்கள் நாகர்கோவிலில் 1820-களில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மையார் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்த வேலை இது. திருவிதாங்கூரில் 1855-ல்தான் அடிமை முறை ஒழிந்தது. அதற்கு முன்பே, லேஸ் பின்னிய கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை வாங்கிய பெண்கள் உண்டு. இது தெரிந்த பிறகு அந்தத் தூக்கைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

தாத்தாவின் பத்திரம் பேங்க் லாக்கரில், பாட்டியின் கைவேலை பழந்துணி மூட்டையில்! இது என்ன நியாயம்? மூட்டையைத் தூக்கிக் கொடுக்குமுன் ஒவ்வொரு துணியாக விரித்து, ஓரத்தைப் பார்த்துவிடுங்கள், சகோதரிகளே. எனக்கு மிஞ்சியது அந்தத் தலையணை உறைதான். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, பின்னியவர் பெயரை ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன்.

– ஒரு வாசகி, நாகர்கோவில்.