ஆமைக்காக நடப்பவர்கள்

ஜனவரி முதல் ஏப்ரல் வரை, ஊர் உறங்கியபின் சென்னையில் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே சிலர் மணலைப் பார்த்தபடி நடக்கிறார்கள். முட்டையிட்டுத் திரும்பிய பங்குனி ஆமையின் தடத்தைத் தேடும் நடை அது. மாணவர்கள் தொடங்கிய இந்தப் பணி 1988 முதல் தொடர்கிறது. நாய்கள் தோண்டித் தின்றுவிடாதபடி முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கிறார்கள். ஏறத்தாழ 45 நாள்களில் வெளிவரும் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். சம்பளம் கிடையாது, மறுநாள் வகுப்புக்கும் வேலைக்கும் போக வேண்டியவர்கள். நம் நகரம் பெருமைப்பட வேண்டிய மனிதர்கள் இவர்கள்.

உதவ விரும்புவோர் ஓர் இரவாவது உடன் நடக்கலாம். பொரிப்பகச் செலவுக்கு இயன்றதைத் தரலாம். கடலோரத்தில் வீடோ விடுதியோ வைத்திருப்போர் செய்யக்கூடியது இன்னும் எளிது: இந்த நான்கு மாதங்களும் கடலைப் பார்த்த விளக்குகளை இரவில் அணைத்துவிடுங்கள். வெளிச்சம் தெரியும் திசையே கடல் என்று நகரும் குஞ்சுகள், விளக்கை நம்பிச் சாலைக்கு வந்து நசுங்குகின்றன.

ஆனால் தனிமனிதர்களின் அக்கறையைக் காட்டி அரசு ஒதுங்கிக்கொள்ளக் கூடாது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவை வலையில் சிக்கும் ஆமை, மூச்சுவிட மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகிறது. ஆமை வெளியேறும் வழியுள்ள வலையை மீனவர்களுக்கு மானியத்தில் கொடுங்கள். கரையோரத்தில் விதிமீறி இழுக்கும் படகுகளைத் தடுங்கள். அடுத்த பருவம் தொடங்கும் முன்பே இதைச் செய்தாக வேண்டும்.