அலாய் வீல் ஆசையும் சட்டமும்

போன தீபாவளிக்கு முன்னால் பெரியப்பா மகன், அதாவது எங்கள் அண்ணன், தன் ஸ்விஃப்ட் காருக்குப் புது அலாய் வீலும் அகலமான டயரும் மாட்டினார். பார்க்க அட்டகாசம்! நாங்கள் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டோம். அடுத்த வாரம் குடும்பத்தோடு பழனிக்குக் கிளம்பினோம். காரில் ஐந்து பேர், டிக்கி நிறையச் சாமான். ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்னால் 'கர்ர்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால், டயர் மட்கார்டின் உள்பக்கம் உரசி, ஓரத்தில் ரப்பர் சீவிக்கொண்டு வந்திருந்தது. அந்த டயருக்கு மேலேதான் என் அம்மா உட்கார்ந்திருந்தார். நெடுஞ்சாலையில் அது வெடித்திருந்தால்? அன்றிலிருந்து இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் கணக்கு. அந்தக் காரில் கம்பெனி கொடுத்த டயர் 165/80 R14. 165 என்பது மில்லிமீட்டரில் அகலம். 80 என்பது அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. 14 என்பது அங்குலத்தில் ரிம் அளவு. மொத்த விட்டம் 619.6 மி.மீ. வருகிறது. அண்ணன் மாட்டியது 205/65 R15. விட்டம் 647.5 மி.மீ. அதாவது 4.5 சதவீதம் அதிகம். ஸ்பீடாமீட்டர் 80 என்று காட்டும்போது வண்டி ஏறக்குறைய 84-இல் போகும். உரசல் தனிக் கதை.

இதே காரின் விலை கூடிய மாடலில் கம்பெனியே 185/65 R15 போட்டுத் தந்தது. அதன் விட்டம் 621.5 மி.மீ. பழைய டயருக்கும் இதற்கும் 2 மி.மீ. கூட வித்தியாசம் இல்லை. ரிம்மும் ஒரு அங்குலம் பெரிதாகிவிடுகிறது. ஆசையும் தீரும், வண்டியும் கெடாது. கடைக்காரர் இதைச் சொல்லவே இல்லை. "ஒண்ணும் ஆகாது சார்" என்றுதான் சொன்னார்.

விட்டம் சரியாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. 185/65 R15 டயரில் பெரும்பாலும் 88 என்ற பளு எண் இருக்கும். ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்று அர்த்தம். அதற்குப் பதில் 195/55 R16 போட்டால் விட்டம் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் அதன் பளு எண் 87 என்றால் 545 கிலோதான் தாங்கும். பெரிதாகத் தெரியும் டயர் குறைவாகத் தாங்குகிறது, வேடிக்கையாக இல்லை? வீலின் ஆஃப்செட்டும் முக்கியம். அது மாறி, சக்கரம் வெளியே துருத்திக்கொண்டு நின்றால் பேரிங் சீக்கிரம் தேயும்.

இனி சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து வேறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தில் 182A என்ற பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

"என் வண்டி, என் காசு, அரசாங்கத்துக்கு என்ன?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வண்டி உங்களுடையதுதான். ஆனால் டயர் வெடித்தால் எதிரில் வருகிறவர் உங்களுடையவர் இல்லையே! அதனால் சட்டம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

என் குறை வேறு. செய்யாதே என்று சொல்கிற சட்டம், எப்படிச் செய்யலாம் என்று சாதாரண ஆளுக்குப் புரிகிற மாதிரி சொல்லவில்லை. சி.என்.ஜி. கிட் மாட்ட ஒரு வழி இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட கிட் வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவுச் சான்றில் ஏற்றிக்கொள்ளலாம். சக்கரத்துக்கும் அப்படி ஒரு தெளிவான வழி இருந்தால் என்ன? ஜெர்மனியில் அலாய் வீலோடு அது எந்தெந்தக் காருக்குப் பொருந்தும் என்ற சான்றிதழ் வருகிறது. தேவைப்பட்டால் நிபுணர் சோதித்து வண்டியின் ஆவணத்தில் எழுதிக்கொடுக்கிறார். மீறினால் வண்டியை ஓட்டும் அனுமதியே போய்விடலாம். அங்கே கண்டிப்பும் இருக்கிறது, வழியும் இருக்கிறது. இங்கே வழி தெரியாததால் கடைக்காரர் வாய்ச்சொல்லே சட்டமாகிவிடுகிறது.

அந்த வழி வரும்வரை நாம் செய்யக்கூடியது இதுதான். உங்கள் மாடலுக்குக் கம்பெனியே கொடுக்கிற அளவுகளைத் தாண்டாதீர்கள். ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் அட்டையிலும், வண்டியோடு தந்த கையேட்டிலும் அவை இருக்கும். பளு எண்ணும் வேக எழுத்தும் பழையதைவிடக் குறையக் கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து, பில்லோடு வாங்குங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். விபத்துக்குப் பிறகு விளக்கம் சொல்வதைவிட அது சுலபம்.

அண்ணன் இப்போது 185/65 R15-க்கு மாறிவிட்டார். பழைய டயர்களைப் பாதி விலைக்குக்கூட யாரும் கேட்கவில்லை. காசு போனதில் அவருக்கு வருத்தம்தான். அம்மா மட்டும் "டயரோட போச்சே" என்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.