கூடம் பெரிதானால் ஒலிபெருக்கியும் பெரிதாக வேண்டுமா?



சிறிய அறையில் இனிமையாக ஒலித்துக்கொண்டிருந்த ஒரு ஜோடி ஹை-ஃபை ஒலிபெருக்கிகளைப் பெரிய கூடத்துக்குத் தூக்கிச் சென்று வைத்துப் பாருங்கள். அதே பாட்டு, அதே கருவிதான். ஆனால் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். மிருதங்கத்தின் தொப்பி ஓசை மெலிந்துபோகும். உடனே எல்லோரும் சொல்வது என்ன? "வாட் போதவில்லை, பெரிய பெட்டி வாங்க வேண்டும்" என்பதுதான். இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் அவசரத் தீர்ப்பு என்பது என் கருத்து. இதை நான் ஏட்டில் மட்டும் படித்துச் சொல்லவில்லை.

நான் இயற்பியல் கற்பித்த ஒரு பள்ளியில் இசை கேட்கும் மன்றம் ஒன்று இருந்தது. முதலில் இருபது பேர் ஒரு வகுப்பறையில் கூடினோம். அறுபது பேர் ஆனதும் பிரார்த்தனைக் கூடத்துக்கு மாறினோம். ஒலி சரியில்லை. மாணவர்கள் ஓராண்டு முழுதும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஆள் உயரப் பெட்டிகள் இரண்டு வாங்கப்பட்டன. முதல் நாளே முன்வரிசைப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். கடைசி வரிசையில் இருந்தவர்களுக்கோ பாட்டின் ஒரு சொல்கூட விளங்கவில்லை. அந்தப் பெட்டிகளுக்குத் தலையாட்டியவர்களில் நானும் ஒருவன்.

எங்கே தவறினோம்? முதலில் வாட் கணக்கைப் பார்ப்போம். 50 வாட்டை 100 வாட் ஆக்கினால் ஒலி இரு மடங்காகும் என்று நினைக்கிறோம். நம் காது அப்படிக் கணக்குப் போடுவதில்லை. திறன் இரு மடங்கானால் ஒலி மட்டம் 3 டெசிபல் மட்டுமே உயரும். 'சற்றுக் கூடியிருக்கிறது' என்று தோன்றும், அவ்வளவுதான். இரு மடங்கு உரப்பாகத் தோன்றச் சுமார் 10 டெசிபல் உயர வேண்டும். அதற்குத் திறன் பத்து மடங்காக வேண்டும்! (சில பெட்டிகளின் மேல் 'பி.எம்.பி.ஓ.' என்ற எழுத்துகளோடு ஆயிரம், இரண்டாயிரம் வாட் என்று அச்சிட்டிருப்பார்கள். அதை அளப்பதற்குப் பொதுவான முறையே கிடையாது. அந்த எண்ணைப் படிக்காமல் விடுவதே நலம்.)

வாட்டைவிட முக்கியமான எண் ஒன்று உண்டு. ஒரு வாட் கொடுத்தால் 1 மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் ஒலி கிடைக்கிறது என்பதே அது. பி.பி.சி. நிறுவனம் 1970-களில் தன் வெளிக்கள ஒலிபரப்பு வண்டிகளுக்காக எல்.எஸ். 3/5ஏ என்ற சிறு ஒலிபெருக்கியை உருவாக்கியது. வண்டிக்குள் இடம் குறைவு. கேட்பவர் பெட்டிக்கு மிக அருகில் இருப்பார். எனவே சுமார் 83 டெசிபல் போதுமானதாக இருந்தது. மாறாக, அமெரிக்காவில் பால் கிளிப்ஷ் 1940-களில் அமைத்த 'கிளிப்ஷ்ஹார்ன்' அலமாரி அளவு பெரியது. அது அறையின் மூலையில் நிற்கும். இரு பக்கச் சுவர்களையும் தன் கூம்பின் தொடர்ச்சியாகவே பயன்படுத்திக்கொள்ளும். அது ஒரு வாட்டுக்கு 100 டெசிபலுக்கும் மேல் தரும். இரண்டுக்கும் 20 டெசிபல் வேறுபாடு என்று வையுங்கள். அதாவது நூறு மடங்கு! சிறிய பெட்டி 25 வாட்டில் செய்வதைப் பெரியது கால் வாட்டில் செய்துவிடும்.

ஆகவே பெரிய அறைக்குப் பெரிய ஒலிபெருக்கி வேண்டியதே இல்லை என்று நான் வாதிடவில்லை. தாழ்ந்த சுருதி ஒலிகளை எழுப்ப நிறையக் காற்றை அசைக்க வேண்டும். உள்ளங்கை அகலக் காகிதக் கூம்பு அதற்கு எவ்வளவுதான் பாடுபடும்? ஆனால் எங்கள் மன்றத்தில் தொப்பி ஓசை மெலிந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. வகுப்பறையில் பெட்டிகள் சுவரை ஒட்டி இருந்தன. சுவர் தாழ்ந்த ஒலிகளைத் திருப்பியனுப்பி வலுவூட்டியது. கூடத்தில் அவற்றை மேடை நடுவே வைத்தோம். சுவரருகே நகர்த்தியிருந்தால் செலவில்லாமல் பாதி குறை தீர்ந்திருக்கும்.

இனி அறைக்கு வருவோம். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலைக் காட்சியகம் திறக்கப்பட்டது. அதன் விரிவுரைக் கூடத்தில் பேசினால் ஒன்றும் புரியவில்லை. காரணம் கண்டுபிடிக்கும் வேலை வாலஸ் சாபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவர் ஆர்கன் குழாய் ஒன்றை ஒலிக்கச் செய்து நிறுத்துவார். ஓசை அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று அளப்பார். இதை எதிர்முழக்க நேரம் என்கிறோம். வெற்றுக் கூடத்தில் அது சுமார் ஐந்தரை விநாடி! அதற்குள் ஒருவர் பத்துப் பன்னிரண்டு சொற்கள் பேசிவிடுவார். முதற்சொல் அடங்குமுன் மற்றவை அதன் மேல் ஏறிக்கொள்ளும். சாபின் இரவு வேளைகளில் பக்கத்து அரங்கமொன்றின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து பரப்பி அளந்தார். மெத்தைகள் கூடக்கூட நேரம் குறைந்து, கடைசியில் ஒரு விநாடிக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு வந்தது. மெத்தைகள் ஒலியை உட்கவர்ந்துகொண்டன!

அவர் கண்ட விதி எளிது. அறையின் கன அளவை 0.16-ஆல் பெருக்கி, அறையிலுள்ள மொத்த உட்கவர் பரப்பால் வகுத்தால் எதிர்முழக்க நேரம் கிடைக்கும். உட்கவர் பரப்பை அளக்கச் சாபின் எடுத்துக்கொண்ட அலகு என்ன தெரியுமா? திறந்த சன்னல்! அதன் வழியே போன ஒலி திரும்புவதில்லை அல்லவா?

20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரமுள்ள கூடத்தை எடுத்துக்கொள்வோம். கன அளவு 1000 கன மீட்டர். தரை, கூரை, சுவர்கள் சேர்ந்து 700 சதுர மீட்டர். சிமெண்டுப் பூச்சு நூற்றில் மூன்று பங்கு ஒலியையே உட்கவரும் என்று கொண்டால் 21 சதுர மீட்டர். நேரம் 7.6 விநாடி. ஒரு மாணவர் தம் உடைகளோடு சுமார் 0.4 சதுர மீட்டர் திறந்த சன்னலுக்குச் சமம் எனலாம். முந்நூறு பேர் அமர்ந்தால் நேரம் 1.1 விநாடியாகிவிடும். அறுபது பேர் மட்டும் அமர்ந்தால்? 3.6 விநாடி! ஆண்டு விழாவில் நன்றாயிருந்த கூடம் எங்கள் மன்றத்துக்கு மட்டும் ஏன் சதி செய்தது என்பது இப்போது புரிகிறதா? அறுபது பேரோடு, ஒன்றரைச் சதுர மீட்டர் சன்னல்கள் இருபதைத் திறந்துவிட்டால் 2.1 விநாடிக்கு இறங்கிவிடும்.

பெரிய ஒலிபெருக்கி ஏன் உதவவில்லை என்பதும் இங்கேதான் இருக்கிறது. வாட்டைக் கூட்டினால் பாடகர் குரலும் உயர்கிறது, எதிர்முழக்கமும் அதே அளவு உயர்கிறது. இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறுவதில்லை, இரைச்சல்தான் கூடுகிறது. பதிவு செய்த இசையில், அது பாடப்பட்ட அரங்கின் எதிர்முழக்கம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. நம் கூடம் தன் பங்குக்கு இன்னொன்றை ஏன் சேர்க்க வேண்டும்?

விகிதத்தை மாற்ற வழிகள் உண்டு. ஒலிபெருக்கிக்கும் கேட்பவருக்கும் உள்ள தொலைவைப் பாதியாக்கினால் நேராக வரும் ஒலி 6 டெசிபல் உயரும். அது நான்கு மடங்கு வாட்டுக்குச் சமம்! கனத்த திரைகளைச் சுவரில் ஒட்டாமல் ஒரு சாண் தள்ளித் தொங்கவிட்டால் கூடுதலாக உட்கவரும். பஞ்சு மெத்தைகள் இன்னும் நல்லவை. முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அதனால் அதிகப் பயனில்லை.

எங்கள் மன்றத்தில் பிறகு பழைய சிறு ஒலிபெருக்கிகளையே நீண்ட சுவரை ஒட்டி, காது உயரத்தில் வைத்தோம். சன்னல்களைத் திறந்து, அரைவட்டமாக நெருங்கி உட்கார்ந்தோம். சொற்கள் விளங்கின. ஆள் உயரப் பெட்டிகள் ஆண்டு விழாவுக்கு மட்டும் வெளியே வந்தன.

உங்கள் பள்ளியில் யாரேனும் பெரிய ஒலிபெருக்கிக்குப் பணம் திரட்டுகிறார்களா? ஒரு மாலையில் நாடாவும் நிறுத்து கடிகாரமும் எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போங்கள். நீள அகல உயரங்களை அளந்துகொண்டு, வெற்றுக் கூடத்தில் ஓங்கி ஒரு முறை கை தட்டி, ஓசை அடங்கும் நேரத்தைக் குறியுங்கள். சன்னல்களைத் திறந்துவிட்டு மீண்டும் தட்டுங்கள். இரண்டு எண்களையும் தலைமையாசிரியரிடம் காட்டிவிட்டுப் பிறகு கடைக்குப் போகலாம்.