தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்!

“இத்தனை வருசம் குலை அறுத்தாச்சு, இனி வேற என்ன வேலை தெரியும் நமக்கு?”

தோட்டம் கைமாறப் போகிறது என்ற பேச்சு கிளம்பும்போதெல்லாம் கோத்தா திங்கி வட்டாரத்தில் நம் காதில் விழும் கேள்வி இது. நம் கதையை நாமே மறந்துவிட்டுக் கேட்கிற கேள்வி. நம் பாட்டன்மார் உளியும் வாளியுமாகப் பால்மரம் வெட்டியவர்கள். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ஜொகூரில் ரப்பரைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். மரத்தில் காயம் படாமல் பட்டை சீவிய அதே கை, நீண்ட கழியில் அரிவாளைக் கட்டிக் குலையை இறக்கப் பழகிற்று. எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள்? பக்கத்து நிரைக்காரர் செய்வதைப் பார்த்துத்தான்! அதற்கும் முன், தோட்டத் துண்டாடல் வந்து குடும்பங்கள் தெருவுக்கு வந்த காலத்தில், 1960ல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு வாங்கிய தொழிலாளர்கள் தோட்டங்களுக்கே சொந்தக்காரர்கள் ஆனார்கள்.

இன்று நம் மாவட்டத்திலேயே பெங்கேராங்கில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை எழுந்து நிற்கிறது. அங்கே கைப்பழக்கம் மட்டும் போதாது, சான்றிதழும் வேண்டும். பண்டார் பெனாவாரில் சமூகக் கல்லூரி இருக்கிறது, பிள்ளைகளை அனுப்புங்கள். ஆனால் ஐம்பது வயதுக்காரரைப் பார்த்து, ‘போய் வெல்டிங் படி’ என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. அவர் அடுத்த வழி தேடும்வரை வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே!

அதற்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. 1980ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆட்குறைப்பில் நிறுத்தப்படுகிறவர் ஐந்து வருசமோ அதற்கு மேலோ வேலை செய்திருந்தால், வருசத்துக்கு 20 நாள் சம்பளம் நட்டஈடாகப் பெற வேண்டும். இருபது வருசம் உழைத்தவருக்கு 400 நாள் சம்பளம். சும்மா விடுகிற காசா இது? தோட்டத்தை வாங்கிய புதிய முதலாளி, ஏழு நாளுக்குள் பழைய சலுகை குறையாமல் வேலை தர முன்வந்தால் இது கிடைக்காது. ஆனால் பழைய சர்வீசும் சேர்ந்தே கணக்காகும்.

2018 முதல் சொக்சோவின் வேலைக் காப்புறுதியும் உண்டு. வேலை போன 60 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும். சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இது பொருந்தும்.

இரண்டுக்கும் ஒரே கண்ணி: ‘சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்’ என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டால், இரண்டும் கைவிட்டுப் போகும். மலாயில் நாலு வரி. என்னவென்று கேட்காமலே போட்டுவிட்டு வருகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்!

சம்பளச் சீட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வையுங்கள். தாளை நீட்டினால் வீட்டுக்குக் கொண்டுபோய் மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். “இப்பவே போடு” என்று அவசரப்படுத்தினால், “நாளைக்குப் போடுறேங்கய்யா” என்று சொல்லிவிட்டு, நேரே சங்கக் கமிட்டித் தலைவர் வீட்டுக்கு நடையைக் கட்டுங்கள்.