இரும்பு: மண்வெட்டியிலும் குருதியிலும்



பெண்கள் குழுக்கூட்டங்களில் நான் அதிகம் கேட்கும் சொல் "களைப்பு". தனியாளாய் உழைத்துக் குடும்பத்தைச் சுமக்கும் பெண்ணுக்குக் களைப்பு இயல்புதானே என்று எல்லோரும் விட்டுவிடுகிறோம். ஓய்வெடுத்தும் தீராத களைப்புக்கு இரும்புக் குறைபாடும் காரணமாகலாம். ஆகவே இம்மாதம் இரும்பைப் பற்றிப் பேசுவோம்.

இரும்பு ஒரு மூலகம். அதன் அணுவெண் 26. அதை உருக்க 1538 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். காந்தம் அதனைக் கவரும். சிறிதளவு காபன் சேர்ந்தால் உறுதியான உருக்காகும். மண்வெட்டி, கத்தி, தையலூசி எல்லாம் உருக்கில் செய்தவையே. நீரும் ஒட்சிசனும் சேர்ந்து பட்டால் இரும்பில் கறள் பிடிக்கும். உப்புக்காற்று அதை விரைவாக்கும். மண்வெட்டியைக் கழுவித் துடைத்து எண்ணெய் பூசி வைப்பது இதனால்தான்.

இதே இரும்பு எங்கள் குருதியிலும் உண்டு. ஈமோகுளோபினில் இருந்துகொண்டு, நுரையீரலிலிருந்து ஒட்சிசனை உடலெங்கும் கொண்டுசெல்ல உதவுகிறது. வளர்ந்த ஒருவரின் உடலில் இருப்பது சுமார் 3 முதல் 4 கிராம்தான். மாதவிடாயாலும் கர்ப்பத்தாலும் பெண்களுக்கு அது எளிதில் குறைகிறது. ஈமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் குருதிச்சோகை. கர்ப்பிணிகளுக்கு இந்த அளவு 11. தலைச்சுற்று, மூச்சுவாங்கல், வெளிறிய கண்ணிமை என்பன அதன் அறிகுறிகள்.

ஈரல், இறைச்சி, மீன் ஆகியவற்றிலுள்ள இரும்பை உடல் இலகுவில் உறிஞ்சும். கீரை, பயறு, பருப்பு, குரக்கன் என்பவற்றிலிருந்து கிடைப்பது குறைவு. அவற்றோடு தேசிக்காய்ப்புளி, கொய்யா, நெல்லி சேர்த்தால் கூடுதலாகக் கிடைக்கும். சாப்பாட்டோடு பிளேன்ரீ குடித்தால் உறிஞ்சுவது தடைப்படும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். இரும்புத் தாச்சியில் சமைப்பதும் நல்லது.

கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையால் மலம் கறுத்தால் பயந்து நிறுத்த வேண்டாம். அது வழமையானது. தேநீருடனோ பாலுடனோ அதை விழுங்காதீர்கள். அளவுக்கு மிஞ்சினால் சிறுபிள்ளைகளின் உயிருக்கே ஆபத்து என்பதால் குளிசைகளை எட்டாத இடத்தில் வையுங்கள். பரிசோதிக்காமல் நீங்களாகவே வாங்கியும் குடிக்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பல வீடுகளில் மீன்துண்டு ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போய், சட்டியில் மிஞ்சும் குழம்புதான் தாய்க்கு. அதைத் தியாகம் என்கிறோம். தாய் விழுந்தால் அந்த வீட்டைத் தாங்க யார் இருக்கிறார்கள்? இன்று உங்களுக்கும் ஒரு துண்டு எடுத்து வையுங்கள். களைப்புத் தீராவிட்டால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லிக் குருதியைப் பரிசோதியுங்கள்.