காருக்குப் பின்னால ஒரு வீடு - நம்ம ஊருக்கு சரிப்படுமா?

வாழப்பாடி பக்கம் டிரெய்லர்னா ஒரே அர்த்தம்தான். டிராக்டருக்குப் பின்னாடி குச்சிக்கிழங்கு மூட்டையை மலை மாதிரி ஏத்திக்கிட்டு சேகோ ஃபேக்டரிக்குப் போறது. ராத்திரி நேரத்துல பின்னாடி ஒரு சிவப்பு ஸ்டிக்கர் கூட இல்லாம, திடீர்னு நம்ம முன்னாடி முளைக்கும். மனசுக்குள்ள ஒரு கும்பிடு போட்டுட்டு ஒதுங்கிப் போவோம்.

அதே மாதிரி ஒரு குட்டி டிரெய்லர்ல படுக்கை போட்டு, அடுப்பு வச்சு, காருக்குப் பின்னால மாட்டிக்கிட்டு கன்னியாகுமரி, ஹம்பின்னு பத்து நாள் குடும்பத்தோட சுத்தலாம்னு சொன்னா இங்க பல பேர் சிரிப்பாங்க. "அதெல்லாம் வெள்ளக்காரன் சமாச்சாரம்ப்பா".

அப்படியா? கூண்டு வண்டி கட்டிக்கிட்டு, அரிசி பருப்பு, பாத்திரம், வைக்கோல் எல்லாம் ஏத்தி, பத்து நாள் பழனிக்குப் போய் வந்தது யாரு? நம்ம தாத்தா பாட்டிதானே. திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரங்களைப் பாருங்க. போர் போட மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான்னு கிளம்பினா மாசக்கணக்குல வீடு திரும்ப மாட்டாங்க. கூடவே ஒரு சப்போர்ட் லாரி. சமையல், குளியல், தூக்கம் எல்லாம் வண்டியோரத்துலயே. நாமக்கல் பாடி கட்டுற பட்டறையில டிரைவர் படுக்கிற மாதிரி கேபின் அடிக்கிறது நேத்து ஆரம்பிச்ச தொழிலா? வண்டியில வாழறது நமக்குப் புதுசே இல்ல.

நாமக்கல்காரர் அருண் பிரபுவை ஞாபகம் இருக்கும். கட்டடக்கலை படிச்ச இளைஞர். ஒரு ஆட்டோ மேல 36 சதுர அடியில வீடு கட்டினார். படுக்கை, சமையல், கழிவறை, 250 லிட்டர் தண்ணித் தொட்டி, 600 வாட் சோலார். செலவு ஏறக்குறைய ஒரு லட்சம். பாதிக்கு மேல பழைய சாமான். 2021 பிப்ரவரியில ஆனந்த் மஹிந்திரா அதைப் பாராட்டி, பொலிரோ பிக்கப் மேல இதே மாதிரி ஒண்ணு செய்வாரான்னு கேட்டதும் நாடு பூரா பேசினாங்க. ஆக திறமைக்கும் நம்ம பக்கம் பஞ்சம் இல்ல.

அப்புறம் எதுக்கு இந்தப் பதிவுன்னு கேட்கிறீங்களா? சொல்றேன். சின்ன டிரெய்லர்தான் நம்ம நடுத்தரக் குடும்பத்துக்கு சரியான வழிங்கிறது என் கட்சி. ஆனா இங்க அதைப் பத்திப் பேசுறவங்க எல்லாரும் கிச்சன்ல இருந்து ஆரம்பிக்கிறாங்க. ஆரம்பிக்க வேண்டியது முன்பாரத்துல இருந்து.

முதல்ல ஏன் டிரெய்லர்? வேனையே வீடா மாத்தலாமேன்னு கேட்கலாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு குறுக்கே நிக்குது. கம்பெனி சொன்ன விவரத்துக்கு முரணா வண்டியோட அடிப்படை அமைப்பை மாத்தக்கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் உறுதியா சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்துல 182ஏ பிரிவு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், இல்லன்னா ஆறு மாசம் வரை சிறை, இல்லன்னா ரெண்டும்னு சொல்லுது. முறையா அனுமதி வாங்கின மோட்டார் காரவன் இருக்கு, அதுக்குத் தனி தரநிலையும் இருக்கு. 2021-ல கேரளா காரவன் சுற்றுலாவுக்குன்னு கொள்கையே கொண்டு வந்தது. ஆனா அந்த வண்டி நம்ம பட்ஜெட்டுக்கு எட்டாது. வருஷத்துல இருபது நாள் சுத்துறதுக்கு மீதி நாள் வாசல்ல நிறுத்தி வச்சு தூசி தட்டணும்.

டிரெய்லர்ல காரை வெட்டி ஒட்டுற வேலை இல்ல. ஊர் போய்ச் சேர்ந்ததும் கழட்டி வச்சுட்டு காரை மட்டும் எடுத்துக்கிட்டு சுத்தலாம். ஏற்காட்டுக்கு அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசி, கொல்லிமலைக்கு 70. வீட்டைக் கட்டி இழுத்துக்கிட்டு அங்கெல்லாம் ஏறவும் வேண்டாம். கீழேயே விட்டுட்டுப் போயிட்டு வரலாம்.

சரி, முன்பாரத்துக்கு வருவோம். மாட்டு வண்டி ஓட்டினவங்க யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. பாரம் முன்னாடி அதிகமானா மாட்டுக் கழுத்து நசுங்கும். பின்னாடி அதிகமானா நுகத்தடி மேல தூக்கி மாட்டுக் கழுத்தை இறுக்கும். கொஞ்சமா முன்பாரம் இருக்கணும், அளவா. காருக்குப் பின்னால இழுக்கிற டிரெய்லருக்கும் இதேதான் கணக்கு. மொத்த எடையில பத்துல இருந்து பதினஞ்சு சதவீதம் கொக்கி மேல உட்காரணும். 600 கிலோ டிரெய்லர்னா 60-ல இருந்து 90 கிலோ. அது குறைஞ்சா 70, 80 கிலோமீட்டர் வேகத்துல டிரெய்லர் நாய் வாலாட்டுற மாதிரி ஆட ஆரம்பிக்கும். ஆட்டம் கூடக் கூட காரையும் சேர்த்து இழுத்துப் போட்டுடும்.

ஒரு சின்ன கணக்கு. அச்சுக்கும் கொக்கிக்கும் இடையில 3 மீட்டர். கொக்கியில 60 கிலோ சரியா இருக்கு. "பாத்ரூம் பின்னாடி, அதனால தண்ணித் தொட்டியும் பின்னாடி"ன்னு அச்சுக்கு 1 மீட்டர் பின்னால 100 லிட்டர் தொட்டி வைக்கிறீங்க. தொட்டி நிரம்பினா கொக்கியில இருந்து 33 கிலோ குறைஞ்சிடும். மிச்சம் 27. மொத்த எடை இப்போ 700. நாலு சதவீதம் கூட இல்ல. வீட்டுல இருந்து கிளம்பும்போது தொட்டி காலி, வண்டி பூ மாதிரி போகும். கரூர்ல தண்ணி பிடிச்சதும் பேய் பிடிச்ச மாதிரி ஆடும். தொட்டி நேரா அச்சு மேல இருந்தா இந்தத் தொல்லையே இல்ல.

எடையும் அப்படித்தான். நம்ம தச்சு ஆசாரிங்க வீட்டுக்கு அலமாரி செய்யற மாதிரியே செய்வாங்க. 19 எம்.எம். பிளைவுட் எட்டுக்கு நாலு ஒரு ஷீட் 35 கிலோவுக்குக் குறையாது. ரெண்டு ஷீட் 70. இன்வெர்ட்டருக்குப் போடற 150 ஏ.எச். பேட்டரி 50 கிலோவுக்கு மேல. வீட்டு கேஸ் சிலிண்டர் நிரம்பினா 30 கிலோ பக்கம். 100 லிட்டர் தண்ணி 100 கிலோ. ஆள் ஏறாம, துணிமணி வைக்காம 250 கிலோ ஆயிடுச்சு பாருங்க. 5 கிலோ சிலிண்டர், லித்தியம் பேட்டரி, இரும்புச் சட்டத்துக்கு மேல அலுமினிய ஷீட், தண்ணிக்கு ரெண்டு 20 லிட்டர் கேன் போதும். ரோட்டோரத்துல தண்ணி கிடைக்காத ஊரா நம்மது?

கட்டி முடிச்சதும் எடை மேடைக்குக் கொண்டு போங்க. நம்ம பக்கம் எடை மேடைக்கா குறைச்சல்? கொக்கி எடைக்கு மட்டும் அரிசி மண்டித் தராசு மேல முன்பக்கத்தை வச்சுப் பார்த்தா போதும். தொட்டி காலியா ஒரு தடவை, நிரப்பி ஒரு தடவை.

அடுத்தது பிரேக். ஐரோப்பாவுல 750 கிலோ வரைக்கும் டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம் இல்ல. அதுக்கு மேல போனா இருக்கணும். நம்ம சின்ன காருக்கு 750 கூட அதிகம்னுதான் நான் சொல்வேன். கார் எவ்வளவு இழுக்கலாம், இழுக்கலாமா கூடாதான்னு முதல்ல மேனுவலைப் பாருங்க. "கூடாது"ன்னு இருந்தா அத்தோட விட்டுடுங்க. தொப்பூர் கணவாய் இறக்கத்துல 2020 டிசம்பர்லயும் 2024 ஜனவரியிலயும் லாரி மோதி வரிசையா வண்டிகள் நொறுங்கினது எல்லாருக்கும் தெரியும். பாரம் பின்னால இருந்து தள்ளும்போது பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது. இறக்கம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கியரைக் குறைச்சுடணும்.

வேகம்? பிரிட்டன்ல மோட்டார்வேயில காருக்கு 70 மைல். டிரெய்லர் இழுத்தா 60 மைல்தான். ஜெர்மனியில பொதுவா 80 கிலோமீட்டர். அவ்வளவு நல்ல ரோட்டுலயே அப்படின்னா, நமக்கு 60 கிலோமீட்டர் தாராளம். நம்ம உளுந்தூர்பேட்டை ரோட்டை நாலு வழியாக்கினப்போ வாழப்பாடி, ஆத்தூர் புறவழிகளை ரெண்டு வழியாவே விட்டுட்டாங்க. நாலு வழியில வந்த வேகத்துலயே எதிர்வண்டி வர்ற ரோட்டுக்குள்ள நுழைஞ்சு போன உயிர்கள் கொஞ்சமா நஞ்சமா? காரும் டிரெய்லரும் சேர்ந்தா எட்டு மீட்டர் நீளம் வரும். அதை வச்சுக்கிட்டு ஓவர்டேக் பண்ற ஆசையே வரக்கூடாது. ஆட ஆரம்பிச்சா ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பாதீங்க, பிரேக்கை மிதிக்காதீங்க. ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டு ஸ்டியரிங்கை நேரா பிடிங்க.

இன்னொண்ணு, இதுல மட்டும் சமரசம் வேண்டாம். ஓடும்போது டிரெய்லர்ல ஒரு ஆள் கூட உட்காரக் கூடாது. "குழந்தை பின்னாடி தூங்கட்டும்"னு தோணும். 2022 அக்டோபர்ல கான்பூர் பக்கம் கோயிலுக்குப் போய்த் திரும்பின டிராக்டர் டிரெய்லர் குட்டையில கவிழ்ந்து 25 பேருக்கு மேல செத்தாங்க. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். நம்ம ஊர்லயும் திருவிழான்னா டிராக்டர் டிரெய்லர்லதானே ஊரே கிளம்புது.

கடைசியா பேப்பர். சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். அதுக்குத் தனியா பதிவு வேணும், இன்சூரன்ஸ் வேணும். "காருக்குத்தான் இருக்கே"ங்கிறது பதில் இல்ல. விபத்து ஆனா நஷ்ட ஈடு கேட்டு நிக்கப் போறது எதிர்ல வந்த பைக்காரர் குடும்பம்.

இங்கதான் அரசாங்கத்துக்கிட்ட ஒரு கோரிக்கை. தனி ஆள் ஒரு சின்ன டிரெய்லரைப் பட்டறையில கட்டி முறையாப் பதிவு பண்றது இன்னைக்கு சுலபமா இல்ல. அதனால ஆசைப்படறவன் பதிவே இல்லாம ஓட்டுறான், பயப்படறவன் ஆசையை விட்டுடறான். 750 கிலோவுக்குள்ள இருக்கிற டிரெய்லருக்கு ஒரு வரைபடத்தை அரசே வெளியிடட்டும். கொக்கி இப்படி, பாதுகாப்புச் சங்கிலி இப்படி, பிரேக் லைட், இண்டிகேட்டர், சிவப்பு ரிஃப்ளெக்டர் இங்க இங்கன்னு. ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எடை போட்டு, கொக்கி பாரம் பார்த்து நம்பர் கொடுக்கட்டும். நாமக்கல், சங்ககிரி, ஆத்தூர் பட்டறைகளுக்கு ஒரு புதுத் தொழில். அப்படியே அந்தக் குச்சிக்கிழங்கு டிரெய்லருக்கும் பின்னாடி லைட் வந்துட்டா எனக்குப் பரம சந்தோஷம் :-)

"ரோடே சரியில்ல, இதுல டிரெய்லர் வேறயா"ன்னு கேட்கிறவங்களுக்கு: சேலத்துல இருந்து நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை வழியா கன்னியாகுமரி வரைக்கும் ஒரு பெரிய மலை ஏற்றம் கிடையாது. 60-ல போனா ரெண்டு நாள். அவசரப்படறவனுக்கு டிரெய்லர் எதுக்கு, பஸ் இருக்கே.

என்ன சொல்றீங்க?

டிஸ்கி: பட்டறைக்குப் போறதுக்கு முன்னாடி மாட்டு வண்டி ஓட்டின பெரியவர் ஒருத்தர்கிட்ட பத்து நிமிஷம் பேசிட்டுப் போங்க. நான் இவ்வளவு நீளமா எழுதினதை அவர் ரெண்டே வரியில சொல்லிடுவார்.